பாட்டியின் இடது கன்னம்

பாட்டி எப்போதும் வெற்றிலையை இடது பக்கம்தான் அதக்குவாள். மதியம் கஞ்சி குடித்துவிட்டுத் திண்ணையில் சாய்ந்தால் இடது கன்னம் ஒரு பாக்கு அளவுக்குப் புடைத்து நிற்கும். பேரப்பிள்ளைகள் நாங்கள் அதை விரலால் அமுக்கிப் பார்ப்போம். கண்ணைத் திறக்காமலே எங்கள் கையைத் தட்டிவிடுவாள். ராத்திரியும் அதே கதைதான். சாப்பிட்டு முடித்ததும் கடைசியாக ஒரு வாய் போட்டு, மென்று, சக்கையைக் கடைவாய்க்கும் கன்னத்துக்கும் நடுவில் ஒதுக்கிவைத்துக்கொண்டு அப்படியே தூங்கிப்போவாள். காலையில் எழுந்து தென்னை மூட்டில் துப்பிவிட்டுத்தான் வாய் கொப்பளிப்பாள். தலையணை உறையில் எப்போதும் ஒரு செங்கறை இருக்கும். அம்மா அதைத் தனியாகத் துவைப்பாள்.

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில், இரணியலுக்குப் பக்கம். பாட்டியின் வெற்றிலைப் பெட்டி பனையோலையில் முடைந்தது. உள்ளே ஈரத்துணியில் சுற்றிய வெற்றிலை, ஒரு பாக்குவெட்டி, பழைய தைல டப்பாவில் நூறு, வாழைச்சருகில் பொதிந்த போயிலை. சுண்ணாம்பைத்தான் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் நூறு என்பார்கள், புகையிலையைப் போயிலை. வெற்றிலையின் காம்பைக் கிள்ளி, நரம்பை உரித்து, முதுகுப் பக்கம் நூறு தடவி, விரலில் மிச்சம் இருப்பதை நிலைப்படியில் தேய்ப்பாள். அந்த நிலைப்படியில் ஓர் ஆள் உட்கார்ந்த உயரத்துக்கு நாற்பது வருட வெள்ளைக் கோடுகள் இருந்தன.

பாட்டா, அதாவது தாத்தா, பீடி குடிப்பார். வீட்டில் கெட்ட பழக்கம் என்று பெயர் வாங்கியது அந்தப் பீடிதான். அம்மா முகம் சுளிப்பாள், பாட்டா மாட்டுத்தொழுத்துக்குப் பின்னால் போய்விடுவார். பாட்டியின் போயிலையை யாரும் கெட்ட பழக்கம் என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை. பல்வலிக்கு அவளே எங்களுக்கு ஒரு துணுக்குக் கிள்ளிக் கொடுத்திருக்கிறாள். விருந்தாளி வந்தால் முதலில் நீட்டுவது வெற்றிலைத் தட்டு. கல்யாணமானாலும் துஷ்டியானாலும் அந்தத் தட்டுக்கு ஓர் இடம் உண்டு. மரியாதையோடு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்ட பொருளை யார் சந்தேகப்படுவார்கள்?

2009 ஆடி மாதம் வாக்கில், "வாயி நீறுது மக்களே" என்றாள். எரிகிறது என்பதைப் பாட்டி அப்படித்தான் சொல்வாள். மீன்குழம்பு தொட முடியவில்லை. மணத்தக்காளிக் கீரையும் தேங்காய்ப்பாலும் கொடுத்தோம். பக்கத்து மருந்துக்கடையில் வைட்டமின் மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். இரண்டு வாரம், ஒரு மாதம், இரண்டு மாதம். இதற்கிடையில் பாட்டி ஒரு காரியம் செய்தாள். இடது பக்கம் எரிகிறதென்று அதக்குவதை வலது பக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள். எங்களுக்கும் அது புத்திசாலித்தனமாகத்தான் பட்டது.

அப்புறம் இடது கடைவாய்ப்பல் ஆடத் தொடங்கியது. ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனோம். பல்லைப் பிடுங்கினார், ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதினார். பல் இருந்த குழி மூடவே இல்லை. கன்னத்தை விலக்கி விளக்கடித்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும் என்று பிறகு சொன்னார்கள். அவரை மட்டும் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? நான்கு மாதம் தினமும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நாங்களும் வாயைத் திறந்து பார்க்கவில்லை.

கடைசியில் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப்போனோம். அங்கே இருந்த பெண் மருத்துவர் மரக்கரண்டியால் கன்னத்தை விலக்கினார். அரை நிமிடம்தான் பார்த்திருப்பார். கேட்ட முதல் கேள்வி: "எந்தப் பக்கம் அதக்குவீங்க?"

பாட்டி இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். புண் இருந்த அதே இடம்.

புகையிலையால் வந்த வாய்ப்புற்றாக இருக்கும் என்றார் அந்த மருத்துவர். வெளியே வந்ததும் மாமா கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. "புகையிலையா? அம்மா பீடி சிகரெட் ஒண்ணும் தொட்டதில்லையே?" படித்தவர், அரசாங்க வேலையில் இருந்தவர். புகையிலை என்றால் புகை என்று அவர் மனதில் பதிந்திருந்தது. அவர் மனதில் மட்டுமா? பெயரிலேயே புகை இருக்கிறது. நம் ஊரில் புகையிலை எதிர்ப்பு என்றால் சிகரெட்டின் மேல் ஒரு சிவப்புக் கோடு, கறுத்துப்போன நுரையீரல் படம். ஆனால் 2016-17ல் நாடு முழுக்க எடுத்த புகையிலைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். வயது வந்தவர்களில் 28.6 சதவீதம் பேர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துகிறார்கள். புகைப்பவர்கள் 10.7 சதவீதம். மெல்பவர்களும் அதக்குபவர்களும் 21.4 சதவீதம், சரியாக இரண்டு மடங்கு. இரண்டையும் செய்பவர்கள் உண்டென்பதால்தான் கூட்டுத்தொகை இடிக்கிறது. நாம் பெரும்பாலும் பேசிக்கொண்டிருப்பது சின்ன பாதியைப் பற்றி.

சரி, புகையே இல்லாமல் இலை எப்படிக் கொல்கிறது? இதை நான் அக்கறையாகப் படிக்க ஆரம்பித்தது பாட்டி போன பிறகுதான்.

புகையைப் பொறுத்தவரை கதை சுலபம். எதை எரித்தாலும் விஷம் பிறக்கும். புகையிலையின் புகையில் 7,000க்கும் மேற்பட்ட வேதிப்பொருட்கள் இருக்கின்றன. அவற்றில் சுமார் 70 புற்றுநோய் உண்டாக்குபவை. பென்சோபைரீன், பென்சீன், ஃபார்மால்டிஹைடு, காட்மியம், ஆர்சனிக், கதிர்வீச்சு உள்ள பொலோனியம்கூட. 1996ல் ஒரு ஆய்வுக் குழு, பென்சோபைரீன் உடம்புக்குள் உருமாறி, பி53 என்கிற காவல்கார மரபணுவில் போய் ஒட்டும் புள்ளிகளைக் கண்டுபிடித்தது. புகைப்பவர்களின் நுரையீரல் புற்றில் அந்த மரபணு அதிகமாகப் பழுதாகும் இடங்களும் அவையேதான். பூட்டு உடைந்த இடத்தில் திருடனின் கைரேகை கிடைத்த மாதிரி.

மெல்லும் போயிலைக்குத் தீக்குச்சியே தேவையில்லை. இலையைக் காயவைத்து, அடுக்கிப் பதப்படுத்தும்போதே வேலை தொடங்கிவிடுகிறது. இலையில் இருக்கும் நைட்ரேட்டைப் பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அது நிக்கோட்டினோடும் அதன் பங்காளிப் பொருட்களோடும் சேரும்போது நைட்ரோசமைன்கள் பிறக்கின்றன. என்.என்.என்., என்.என்.கே. என்று சுருக்கமாகச் சொல்லும் இரண்டும் அவற்றில் மோசமானவை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இரண்டையும் முதல் பிரிவில் வைத்திருக்கிறது, அதாவது மனிதர்களுக்குப் புற்று உண்டாக்குபவை என்று. (இந்த முதல் பிரிவைப் பற்றி வாட்ஸாப்பில் நிறையக் குழப்பம். ஆதாரம் எவ்வளவு உறுதியானது என்பதைத்தான் அந்தப் பிரிவு சொல்கிறது, எவ்வளவு கொல்லும் என்பதை அல்ல. பதப்படுத்திய இறைச்சியும் அதே பிரிவில்தான் இருக்கிறது. அதற்காக ஒரு சாசேஜும் ஒரு கட்டு பீடியும் சமம் என்று யாரும் சொல்லவில்லை.)

அப்புறம் அந்த நூறு. சுண்ணாம்பு எதற்கு என்று கேட்டால், வாய் சிவக்க என்று பாட்டி சொல்லியிருப்பாள். அதன் இன்னொரு வேலை வேறு. எச்சிலில் காரத்தன்மை கூடினால் நிக்கோட்டின் கன்னத்தின் மெல்லிய தோல் வழியாக நேராக ரத்தத்துக்குப் போய்விடும். மிளகாய்க் காரம் இல்லை, பள்ளிக்கூடத்தில் லிட்மஸ் தாளை நீலமாக்குமே, அந்தக் காரம். அதனால்தான் நூறு இல்லாத வெற்றிலை பாட்டிக்குப் 'பிடிக்காது'. சுண்ணாம்பு தோலைப் பொத்துப் புண்ணாக்கவும் செய்யும். நிக்கோட்டினுக்காகத் திறந்த கதவு வழியாக மற்றதெல்லாமும் உள்ளே போகிறது. ராத்திரி முழுக்க ஒரே இடத்தில் ஊறவைத்தால் கேட்கவே வேண்டாம். 1966ல் ஹிராயாமா என்கிற ஜப்பானிய ஆய்வாளர், வாய்ப்புற்று பற்றி ஆசிய நாடுகளில் செய்த ஆய்வை வெளியிட்டார். வெற்றிலைச் சக்கையை வாயிலேயே வைத்துக்கொண்டு தூங்குபவர்களுக்கு ஆபத்து பல மடங்கு அதிகம் என்று அதில் இருக்கிறது. அதைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது அந்தத் தலையணை உறை. இதே ஹிராயாமாதான் 1981ல், புகைக்காத மனைவிமார்கள் கணவன் விடும் புகையால் நுரையீரல் புற்றுக்கு ஆளாவதை எடுத்துச் சொன்னவர். பாட்டி இரண்டு கணக்கிலும் வருவாள்.

என்னை உலுக்கியது வேறொன்று. வாய்ப்புற்றைப் பற்றிய பழைய கட்டுரைகளின் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1902ல் மெட்ராஸில் நிப்லாக் என்கிற ராணுவ மருத்துவர் இந்தியாவில் புற்றுநோய் என்று எழுதுகிறார். 1908ல் பென்டால் என்கிற மருத்துவர் திருவிதாங்கூரில் பார்த்த 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றி பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதுகிறார். 1933ல் இயான் ஆர் என்பவர் லான்செட் மருத்துவ இதழில், திருவிதாங்கூரில் வெற்றிலை போடுபவர்களின் வாய்ப்புற்றுக்குக் காரணம் என்ன, வைத்தியம் என்ன என்று எழுதுகிறார். இவர்களில் பென்டாலும் இயான் ஆரும் வேலை பார்த்த ஊரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நெய்யூர்.

நெய்யூர் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகும் தூரம். 1956 நவம்பர் வரைக்கும் எங்கள் பகுதியெல்லாம் திருவிதாங்கூர்தானே, கடைசி சில வருடம் திருவிதாங்கூர்-கொச்சி. 1838லேயே மிஷன் வைத்தியசாலை தொடங்கிய ஊர் அது. எவரெஸ்ட் ஏறப்போன சாமர்வெல் 1922 பயணத்துக்குப் பிறகு வந்து சர்ஜனாகத் தங்கியதும் அங்கேதான். அவர் கதையை எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் பென்டாலையும் இயான் ஆரையும் பற்றி நான் கேள்விப்பட்டதே இல்லை.

யோசித்துப் பாருங்கள். பாட்டி பிறந்தது 1934 வாக்கில் என்று அப்பா சொல்வார். அவள் பிறப்பதற்கு முன்பே, அவள் வீட்டுக்குப் பக்கத்து ஊரில் உட்கார்ந்து, அவளைப் போன்ற ஆட்களின் கன்னத்தை விலக்கிப் பார்த்து, லண்டன் இதழுக்கு ஒருவர் எழுதியாகிவிட்டது. அந்தச் சேதி கடல் தாண்டிப் போனது. உலகத்து ஆராய்ச்சிக் கட்டுரைகளில் மேற்கோளாக ஏறியது. நெய்யூரிலிருந்து எங்கள் திண்ணைக்கு மட்டும் வந்து சேரவில்லை. எழுபத்தைந்து வருடம் கழித்து ஒரு மரக்கரண்டியின் முனையில் வந்தது.

இன்னொரு கட்டுரை இதைவிடக் கசப்பு. 1996ல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கினார்கள். சுமார் 1,90,000 பேர். பாதிப் பேரின் வீட்டுக்குப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் போய் வாயைத் திறக்கச் சொல்லி வெளிச்சத்தில் பார்த்தார்கள். மிஷின் கிடையாது, ரத்தப் பரிசோதனை கிடையாது. வெறும் கண். 2005ல் முடிவு வந்தபோது, புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுச் சாவு 34 சதவீதம் குறைந்திருந்தது. எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரம்.

நுரையீரலையோ கணையத்தையோ யாரும் கண்ணாடியில் பார்க்க முடியாது. வாயைப் பார்க்கலாம். இரண்டு வாரத்தில் ஆறாத புண், துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டு, அதைவிட மோசமான சிவப்புத் திட்டு, காரணமில்லாமல் ஆடும் பல், கழுத்தில் வலிக்காத கட்டி. ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு கைபேசி விளக்கும் ஒரு கரண்டிக் காம்பும் இருந்தால் போதும். பார்த்துவிட்டு நாமே முடிவு கட்டக்கூடாது, அது வேறு விஷயம். சந்தேகம் வந்தால் டாக்டரிடம் போகவேண்டும். அங்கே துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள்.

அந்தச் சதை எடுப்பதற்கே எங்கள் வீட்டில் ஒரு வாரம் பஞ்சாயத்து நடந்தது. "கத்தி பட்டால் பரவிரும்" என்று சொந்தக்காரர்கள் ஒருத்தர் விடாமல் சொன்னார்கள். அது பொய். நோய் முற்றிய பிறகு கத்தி வைக்கப் போனவர்கள் சீக்கிரம் செத்ததைப் பார்த்து, பழியைக் கத்தி மேல் போட்டுவிட்டார்கள்.

பாட்டியின் கீழ்த்தாடையில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, மார்பிலிருந்து தசையைத் திருப்பிக் கொண்டுவந்து கன்னத்தில் வைத்துத் தைத்தார்கள். அதற்குப் பிறகு 'கரண்ட்'. கதிர்வீச்சுச் சிகிச்சையை வார்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். "இன்னிக்கு எத்தனாவது கரண்ட்?" "பதினேழு." பஸ் நம்பர் கேட்கிற மாதிரி. ஆறு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள். எச்சில் வற்றிவிட்டது. ஆயுசு முழுக்கத் துப்பிக்கொண்டிருந்தவள் ஒரு துளி எச்சிலுக்காகத் தண்ணீர் பாட்டிலைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சித் தெளிவு ஊற்றுவோம். ருசி தெரியாது. ஆனாலும் "இன்னிக்கு என்ன கஞ்சி?" என்று சைகையால் கேட்பாள்.

போயிலை ஏக்கம் அப்போதும் விடவில்லை. இதை எழுதத் தயங்கினேன், ஆனால் எழுதவேண்டும். மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் அவள் படுக்கைக்கு அடியில் வாழைச்சருகுப் பொதி ஒன்றை அம்மா கண்டுபிடித்தாள். வாயில் வைக்க முடியாது, மென்று விழுங்க முடியாது. மோந்து பார்ப்பதற்காக வைத்திருந்தாள். பக்கத்துப் படுக்கைக்காரரிடம் கெஞ்சி வாங்கினாளாம். நாங்கள் திட்டினோம். அந்தத் திட்டுக்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். மனவுறுதி இல்லாதவள் என்று நினைத்தோம். ஐம்பது வருடம் நிக்கோட்டினுக்குப் பழகிய மூளை அது. பழக்கத்தை விட மருந்து உண்டு, ஆலோசனை உண்டு, 1800-11-2356 என்று கட்டணமில்லாத தொலைபேசி எண்கூட இப்போது இருக்கிறது. எங்களிடம் அன்றைக்கு இருந்தது கிராம்பும் வசவும்தான்.

2011 மாசியில் பாட்டி போனாள்.

பாட்டா அதற்கு ஆறு வருடம் முன்பே போய்விட்டார், நெஞ்சுவலியில். அவருக்கு யாரும் புகையிலைச் சாவு என்று பெயர் வைக்கவில்லை. வயது 68, நெஞ்சு, முடிந்தது. புகையிலை கொல்வது புற்றால் மட்டும் இல்லை. இதயமும் ரத்தக்குழாயும் நுரையீரல் அடைப்பும் அந்தக் கணக்கில் பெரிய பங்கு. பீடி சின்னது, இலையில் சுற்றியது, இயற்கையானது என்று ஒரு நம்பிக்கை அவருக்கு இருந்தது. உண்மையில் பீடி இலை தாளைப் போலக் காற்று விடாது. அடிக்கடி அணையும். அணையாமல் இருக்க ஓயாமல் அழுத்தி இழுக்கவேண்டும். சிகரெட்டைவிடக் குறைந்த தூளில் அதற்குக் குறையாத தாரும் நிக்கோட்டினும் உள்ளே போகும். பிரிட்டனில் ஆண் மருத்துவர்களை 1951லிருந்து ஐம்பது வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. வாழ்நாள் முழுக்க சிகரெட் குடித்தவர்கள் சராசரியாகப் பத்து வருடம் முன்னதாகச் செத்தார்கள். அறுபதில் விட்டவர்களுக்கு அதில் மூன்று வருடம் திரும்பக் கிடைத்தது, ஐம்பதில் விட்டால் ஆறு, நாற்பதில் விட்டால் ஒன்பது, முப்பதில் விட்டால் ஏறக்குறைய முழுதும். பாட்டாவுக்கு நாற்பது வயது ஆனபோது அப்பாவுக்குப் பத்து வயது.

இப்போது சித்தப்பா விஷயம். பாட்டியின் காரியம் முடிந்த பதினாறாம் நாளே போயிலையைத் தூக்கிப்போட்டவர் அவர். பதினைந்து வருடமாகத் தொடவில்லை, அதில் அவருக்கு ஒரு கர்வமும் உண்டு. பதிலுக்குப் பாக்கு. கடையில் சரம் சரமாகத் தொங்குகிற இனிப்புப் பாக்குப் பொட்டலம், நாளைக்கு எட்டு பத்து. "போயிலைதான் இல்லையே மக்களே, வெறும் பாக்கு" என்பார். வெறும் பாக்கையும் 2004ல் அதே முதல் பிரிவில் சேர்த்துவிட்டார்கள், போயிலை இல்லாமலே. தமிழ்நாட்டில் குட்காவுக்கும் புகையிலை கலந்த பான் மசாலாவுக்கும் 2013ல் தடை உத்தரவு போட்டார்கள். ஆனால் இந்தப் பாக்குச் சரங்கள் பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில், மிட்டாய் டப்பாவுக்குப் பக்கத்திலேயே தொங்குகின்றன.

பாக்கு வேறு மாதிரி வேலை செய்யும். கன்னத்தின் உள்தோலுக்கு அடியில் நார் கட்டிக்கொண்டே போகும். தோல் வெளிறி, பலகை மாதிரி விறைத்து, வாய் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். 1952ல் கென்யாவில் இருந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் முதன்முதலாகப் பார்த்துப் பதிவு செய்தார்கள். பாக்கை நிறுத்தினால் அது மேலும் இறுகுவது நிற்கலாம். கட்டிய நார் லேசில் கரையாது. சிலருக்குப் பிறகு அதே இடத்தில் புற்று வரும்.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மீன்குழம்பு. சித்தப்பா மோர் ஊற்றிச் சாப்பிட்டார். "என்ன சித்தப்பா, மீன் வேண்டாமா?" என்றேன். "கொஞ்ச நாளா எரிப்பு தாங்கல" என்றார். சாப்பிட்டு முடித்ததும் ஜன்னல் பக்கம் உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொன்னேன். சிரித்துக்கொண்டே திறந்தார். உங்கள் கையின் நடு மூன்று விரல்களை ஒன்றின்மேல் ஒன்றாக, மேற்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் நிறுத்திப் பாருங்கள். சாதாரணமாக உள்ளே போகும். அவருடைய விரல்களை வைத்துப் பார்க்கச் சொன்னேன். இரண்டு போனது. மூன்றாவது முட்டி நின்றது.

"இதுக்கு மேல தொறக்காது மக்களே. சோறு போகுதே, போதாதா?"

கன்னத்தின் உள்பக்கம் வெளுப்பாக இருந்தது. புண் எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. வியாழக்கிழமைக்கு டோக்கன் போட்டிருக்கிறேன். அதுவரை பாக்கு வேண்டாம் என்றேன். சரி சரி என்று தலையாட்டினார். ஆட்டும்போதே கை சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.